கொழும்பில் வேகச் சார்ஜர்: இருக்கிறது சரி, வேலை செய்கிறதா?

2025 மார்ச் 2, ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறேன். வாகனம் நிறுத்துமிடத்தில் பிளக் பொயின்ட் கிடையாது. 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 24 கிலோவாட் மணி பற்றரி, பற்றரியின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது மிச்சம். வேலை தெமட்டகொடையில். சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் செயலியைத் திறந்தால் கொழும்பு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். வீட்டில் சார்ஜ் ஏற்ற வழியில்லாமல், வேகச் சார்ஜர்களை மட்டும் நம்பி இதை வாங்கலாமா?

மார்ச் 2, இரவு

வாங்குங்கள் தம்பி. நானும் வெள்ளவத்தையில் தொடர்மாடிதான், எனக்கும் பொயின்ட் இல்லை. 2019இல் வாங்கிய லீஃப், 2016ஆம் ஆண்டு மாடல், 30 கிலோவாட் மணி. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வேலைக்குப் போய், பின்னேரம் டியூஷனுக்கும் கூட்டிக்கொண்டு போனால் ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு தடவை வேகச் சார்ஜருக்குப் போகிறேன், போதுமாக இருக்கிறது. கொழும்பில் சார்ஜர் தட்டுப்பாடு என்று நான் சொல்லமாட்டேன்.

மார்ச் 3

நேற்று எழுதியதை இன்று மத்தியானம் திரும்ப வாசித்தேன். அவசரப்பட்டுவிட்டேன். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போகலாம், எங்கே போகக்கூடாது என்பதெல்லாம் ஆறு வருடத்தில் எனக்குப் பழகிவிட்டது. அது தெரியாத ஒருவருக்கு ஒரே சொல்லில் "வாங்குங்கள்" என்றது சரியில்லை.

முதலில் அந்தப் பச்சைப் புள்ளிகள். அவை எல்லாமே வேகச் சார்ஜர் அல்ல. கடைத்தொகுதி, ஹோட்டல் வாசல்களில் நிற்கும் சிறிய கம்பங்கள் ஏ.சி. மின்சாரத்தை, வீட்டுச் சொக்கெட்டில் வருவதைத்தான் தருகின்றன. அதைப் பற்றரி வாங்கக்கூடிய டி.சி. மின்சாரமாக்கி உள்ளே விடுவது காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர். கம்பத்தில் 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அது மூன்று பேஸில் அந்தக் கம்பம் தரக்கூடிய உச்சம். காருக்குள் இருப்பது எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் ஏறும். என் லீஃப் 3.3 கிலோவாட் வாங்கும். 22 என்று நம்பிப் போய் நின்றாலும் ஒரு மணித்தியாலத்தில் ஏறுவது மூன்று யூனிட், அதாவது இருபது கிலோமீற்றர் சொச்சம். படம் பார்த்துவிட்டு வந்தால் வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

வேகச் சார்ஜர் என்பது ஆள் உயரப் பெட்டி. டி.சி.யாக்கும் வேலையைப் பெட்டியே செய்து நேரே பற்றரிக்குள் விடும். 20 வீதத்திலிருந்து 80 வீதத்துக்கு அரை மணித்தியாலம் சொச்சம். ஆகவே செயலியில் வடிகட்டியைத் தட்டி டி.சி. மட்டும், அதிலும் சாடேமோ (லீஃபின் வேகச் சார்ஜ் வாய்க்குப் பொருந்தும் வகை) மட்டும் என்று போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு எத்தனை புள்ளி மிஞ்சுகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மார்ச் 4

எண்ணிப் பார்த்து அவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, படம் வெறுமையாகிவிட்டது."

அவ்வளவு வெறுமையில்லை. ஆனால் முதலில் பார்த்த படமும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி, நடுச்சாமம்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன், காலையில் கோபம் ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

பம்பலப்பிட்டியில் டியூஷன் முடிந்து மகளை ஏற்றும்போது 14 வீதம். மூன்று இடம் மனதில் வைத்திருந்தேன். முதலாவது ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரிப்பிடத்துக்குள் இருக்கிறது. செயலியில் பச்சை. போனால் எட்டு மணிக்கே கேற் பூட்டியாயிற்று. சார்ஜரில் ஒரு பழுதும் இல்லை, கம்பிகளுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டு நிற்கிறது. நாங்கள் இந்தப் பக்கம்.

இரண்டாவது இடத்தில் கேற் திறந்திருந்தது, பெட்டியும் உயிரோடிருந்தது. கேபிள் முனையில் உள்ள கன்னைக் காரில் செருகினேன், காரும் ஏற்றுக்கொண்டது. செயலியில் "தொடங்குகிறது" என்று வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு தடவை கழற்றிச் செருகினேன். இந்தப் பெட்டிகளுக்குள் கைபேசியில் இருப்பது போலவே ஒரு சிம் இருக்கும். நான் பொத்தானை அமத்தினால் அந்தச் செய்தி நிறுவனத்தின் சேர்வருக்குப் போய், அங்கிருந்து அந்த சிம் வழியாகப் பெட்டிக்கு வரவேண்டும். சிம்முக்குச் சிக்னல் இல்லையென்றால் மின்சாரமும் இருந்து, பெட்டியும் நல்லதாக இருந்து, என் பணமும் செயலிக்குள் இருந்தாலும் ஒரு யூனிட் வராது. பக்கத்திலேயே நிற்கிற எனக்கு அதைத் தொடக்கி வைக்க வேறு வழி வைக்கவில்லை. கார்ட் போட ஒரு துளை, காசு வாங்க ஓர் ஆள், ஒன்றும் இல்லை.

மூன்றாவது இடத்தில் சார்ஜருக்கு முன்னால் டீசல் வான் ஒன்று. அப்போது 9 வீதம், மகள் பின் சீற்றில் தூங்கிவிட்டாள். அங்கே நின்ற செக்யூரிட்டி ஐயாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்குள் போய், கையில் பார்சலோடு சாரதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வான் நகர்ந்தது. 25 நிமிடம் ஏற்றினேன்.

இன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்த ஐயா. செயலி காட்டிய மூன்று பச்சையும் பச்சையாகவே இருந்தன.

மார்ச் 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழுதான சார்ஜரைச் செயலி பச்சையாகக் காட்டுவது ஏமாற்று வேலை." அப்படியில்லை என்று நினைக்கிறேன். பெட்டி தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத்தான் சேர்வருக்குச் சொல்கிறது. உள்ளே காருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் பெரிய சுவிட்ச் பழுதாகியிருந்தால் அது யாராவது கன்னைச் செருகித் தொடக்கும்போதுதான் தெரியவரும். கேபிள் முனையின் கொக்கி உடைந்திருந்தால் அதுவரைக்கும் பெட்டிக்குத் தெரியாது. கேற் பூட்டியிருப்பதும் வான் நிற்பதும் ஒருநாளும் தெரியாது. பச்சை என்றால் "எனக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்" என்று பொருள். கடைசியாக ஒரு கார் எப்போது வெற்றியாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனது என்பதைக் காட்டினால் எங்களுக்கு எவ்வளவோ உதவி. "40 நிமிடத்துக்கு முன்" என்றிருந்தால் நம்பிப் போகலாம். "ஆறு நாளுக்கு முன்" என்றிருந்தால் யோசிப்போம். அந்தத் திகதி சேர்வரில் கட்டாயம் இருக்கும். அதை எங்களுக்குக் காட்ட மனம் வேண்டும்.

இன்னொரு கணக்கு. ஒரு சார்ஜர் ஐந்து தடவைக்கு நாலு தடவை வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மோசமாக இல்லை. ஆனால் ஒரு நெடும்பயணத்தில் அப்படி மூன்று இடத்தில் நிற்கவேண்டும் என்றால், மூன்றும் வேலை செய்யும் வாய்ப்பைக் காண 0.8ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும்: 0.512. ஏறத்தாழ நாணயம் சுண்டிப் பார்ப்பது. அதே மூன்று இடத்திலும் ஒவ்வொன்றுக்கும் பதில் இரண்டிரண்டு சார்ஜர் இருந்தால்? ஓர் இடத்தில் இரண்டும் கைவிட வாய்ப்பு 25இல் ஒன்று. மூன்று இடத்தையும் கடக்க வாய்ப்பு 88 வீதம். ஆகவே பத்துச் சந்தியில் பத்துத் தனிச் சார்ஜர் வைப்பதைவிட ஐந்து சந்தியில் இரண்டிரண்டாக வைப்பது எவ்வளவோ மேல். படத்தில் புள்ளி குறையும், ஆனால் ஓட்டுகிறவருக்கு நிம்மதி.

மார்ச் 11

மேலே போட்ட கணக்கைத் திருத்த வேண்டும். மின்வேலை தெரிந்த ஓர் அண்ணன் சுட்டிக்காட்டினார். இரண்டு சார்ஜரும் தனித்தனியாகப் பழுதாகும் என்றால்தான் 25இல் ஒன்று. ஒரே பெட்டியில் இரண்டு கன் தொங்கினால் அது இரண்டு சார்ஜர் அல்ல. ஒரே சிம், ஒரே பிரேக்கர், ஒரே சிவப்புப் பொத்தான். இரண்டு பெட்டி இருந்தாலும் ஒரே டிரான்ஸ்போமரில் தொங்கும், ஒரே கேற்றுக்குள் நிற்கும்.

சரியான பேச்சு. வெள்ளிக்கிழமை எனக்கு நடந்ததிலேயே முதலாவது இடத்தில் பத்துப் பெட்டி இருந்தாலும் பயனில்லை. பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று சொன்னார்கள், நாடு முழுக்க இருண்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட்டும் நின்றுபோய், அடுத்த இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. அன்றைக்கு எந்தக் கணக்கும் உதவியிராது.

ஆனாலும் என் முடிவை முழுக்க விடமாட்டேன். உடைந்த கொக்கி, வெடித்த கேபிள், முன்னால் நிற்கும் வான் எல்லாம் ஒவ்வொன்றாக வருகிற பழுதுகள். இரண்டு தனிப் பெட்டி இருந்தால் அவற்றுக்கு மாற்று இருக்கும். கரண்ட் போவதும் கேற் பூட்டுவதும் எல்லாருக்கும் சேர்த்து வருவது. அதற்கு மாற்று இன்னோர் இடம்தான். ஆகவே: ஒரே இடத்தில் இரண்டு, மூன்று கிலோமீற்றருக்குள் வேறோர் இடம். 25இல் ஒன்று என்ற எண்ணை அடித்துவிடுங்கள்.

மார்ச் 12

சிவப்புப் பொத்தான் என்றால் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பெட்டியின் முகத்தில் காளான் போல் துருத்திக்கொண்டிருக்கும் அவசர நிறுத்தி. அமத்தினால் உள்ளேயே சிக்கி நிற்கும், திருகினால்தான் வெளியே வரும். வெறும் திரையோ பிழைச் செய்தியோ கண்டால் முதலில் அதைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் அமத்திவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு தடவை நான் திருகிவிட்டுச் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன். எரிந்த மணம் வந்தாலோ, கேபிள் கிழிந்திருந்தாலோ தொடாமல் விலகிவிடுங்கள். அந்தப் பொத்தானை யாரோ காரணத்தோடு அமத்தியிருக்கலாம்.

மார்ச் 16

புதிதாக பி.வை.டி. என்ற சீன மின்சாரக் கார் எடுத்த ஒருவர் கேட்கிறார்: "உங்களுக்குத்தான் பிரச்சினை, எங்களுக்கு எல்லா இடத்திலும் ஏறுகிறதே?" உண்மை. இதைச் சொல்லாமல் பழைய கார் வாங்க நினைப்பவருக்குப் புத்தி சொல்ல முடியாது.

இலங்கையில் மின்சாரக் கார் என்றால் முதலில் பரவலாக ஓடியது ஜப்பானிலிருந்து வந்த லீஃப். அதன் வேகச் சார்ஜ் வாய் சாடேமோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. இந்த வருடம் பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்தபோது வந்தவை வேறு கார்கள், அவற்றின் வாய் சி.சி.எஸ். 2. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. வடிவம் மட்டுமல்ல, காரும் பெட்டியும் பேசிக்கொள்ளும் மொழியே வேறு. புதிய சார்ஜர் வைக்கிறவர் புதிய கார்களைப் பார்த்துத்தான் வைப்பார். அண்மையில் நான் எட்டிப் பார்த்த மூன்று புதிய இடத்தில் இரண்டில் சாடேமோ கன்னே இல்லை. பழைய இடங்களிலும் கேபிள் பழுதானால் சி.சி.எஸ். பக்கத்தை முதலில் திருத்துகிறார்கள்.

சாடேமோ என்ற பெயருக்கு ஜப்பானியர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடிக்கும். "ஓச்சா தெமோ", தேநீராவது குடிப்போமா என்ற அழைப்பை நினைவூட்டும் பெயராம். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும் என்ற எண்ணம். தேயிலை நாட்டில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நான் எப்போதும் பிளேன்டீ ஒரு பிளாஸ்க் கொண்டுபோவேன்.

ஏ.சி. பக்கத்திலும் இதே கதை. ஜப்பான் லீஃபின் சின்ன வாய் டைப் 1, கம்பங்களில் இருப்பது பெரும்பாலும் டைப் 2 சொக்கெட். கேபிள் தொங்காத கம்பத்தில் ஏற்ற, ஒரு பக்கம் டைப் 2, மறுபக்கம் டைப் 1 உள்ள கேபிள் ஒன்று சொந்தமாக வேண்டும். கார் வாங்கும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 17

சி.சி.எஸ். கன்னைச் சாடேமோ வாயில் செருக உதவும் அடப்டர் வருகிறதே என்று மூன்று பேர். வருகிறது. அது வெறும் வாய் மாற்றி அல்ல, உள்ளே இருக்கும் சிறிய கணினி இரண்டு மொழிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்ய வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை. நூறு அம்பியருக்கு மேல் ஓடுகிற இடத்தில் பெயர் தெரியாத ஒரு பெட்டியைச் செருக மனம் வரவில்லை. வாங்கிப் பாவித்தவர்கள் எழுதுங்கள்.

ஏப்ரல் 12

நுகேகொடையில் அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன், புதுவருடத்துக்கு வந்திருக்கிறோம். அத்தானின் கூரையில் சூரியத் தகடுகள், கீழே புது பி.வை.டி. அற்றோ 3 கார். 13ஆம் திகதி முதல் 21ஆம் திகதி வரை பகலில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டிருக்கிறது. விடுமுறையில் தொழிற்சாலையும் அலுவலகமும் மூடியிருக்கும், மின்சாரப் பாவனை குறையும், வெயில் மட்டும் குறையாது. பகலில் கூரைகள் தரும் மின்சாரம் மிஞ்சினால் வலையமைப்பு தள்ளாடும். பெப்ரவரி 9உம் ஒரு ஞாயிறு பகல்தானே.

இதைக் கேட்டதும் எனக்கு வேறு யோசனை ஓடுகிறது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது என்கிறார்கள். கொழும்பில் பகல் முழுக்க எங்கள் கார்கள் அலுவலகத் தரிப்பிடங்களில் சும்மா நிற்கின்றன. இரவு ஆறரைக்குப் பிறகு, பத்தரை வரை உள்ள உச்ச நேரத்தில், மின்சாரம் மிக விலைகூடி நிற்கும்போது, நானும் என் போன்றவர்களும் வேகச் சார்ஜரைத் தேடிக்கொண்டு காலி வீதியில் ஓடுகிறோம். அலுவலகத்தில் ஒரு சாதாரண 13 அம்பியர் பொயின்ட் இருந்திருந்தால் நான் மார்ச் 7 அன்று அந்த மூன்று இடத்துக்கும் போயிருக்க மாட்டேன்.

நான் இவ்வளவு நாளும் வேகச் சார்ஜர் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தொடர்மாடிக்காரருக்கு வேகச் சார்ஜர் ஏன் தேவைப்படுகிறது? மெதுவாக ஏற்ற இடமில்லாததால். கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் வேலையிடத்தில் தரிப்பிடம் இருக்கிறதா?

ஏப்ரல் 13

இருக்கிறதாம். ஆனால் முதலாளியிடம் கேட்கக் கூச்சமாம். கணக்கை எழுதித் தருகிறேன், அதைக் காட்டிக் கேளுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து தெமட்டகொடைக்குப் போய்வரப் பத்துக் கிலோமீற்றர் கூட வராது. நாளுக்கு இரண்டு யூனிட். 13 அம்பியர் பொயின்டில் 10 அம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட். ஒரு மணித்தியாலத்தில் அன்றன்றைய ஓட்டம் ஏறிவிடும். ஒரு சின்ன மீற்றர் போட்டு மாத முடிவில் எண்ணிக் காசு கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: பழைய சொக்கெட்டில் செருகாதீர்கள். கேத்தல் மூன்று நிமிடம் எடுக்கும் கரண்டைக் கார் மணிக்கணக்கில் எடுக்கும். தளர்ந்த சொக்கெட் கருகிவிடும். பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ட்ரிப் ஸ்விட்ச்.

மே 12, வெசாக்

பந்தல் பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பொரளைப் பக்கம் வீதி நகரவே இல்லை. நெரிசலில் மின்சாரக் கார் பெரிதாகக் குடிக்காது, குளிரூட்டிக்கு மட்டும்தான். ஒரு மணித்தியாலம் நின்றும் 4 வீதம்தான் குறைந்தது. இதை எழுதியே ஆகவேண்டும், குறைகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பி.வை.டி.காரர் சொல்லியிருந்தார்.

மே 29

மழை. நாலு நாளாகக் கடற்பக்கம் உள்ள ஒரு சார்ஜரில் ஒரே பிழைச் செய்தி. சார்ஜ் தொடங்குவதற்கு முன் பெட்டி காப்புச் சோதனை செய்யும். எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் ஒரு சொட்டும் விடாது. கன் முனையில் ஈரமும் உப்பும் படிந்தால் சோதனை தோற்றுப்போகும். வெள்ளவத்தைக்காரருக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று சொல்லித் தரவேண்டியதில்லை, பல்கனியில் வைத்த குளிரூட்டிப் பெட்டி எத்தனை வருடம் தாங்குகிறது?

இதைப் பழுது என்று சொல்லவும் மனமில்லை. 400 வோல்ட் டி.சி.யில் சந்தேகம் என்றால் நிறுத்துவதுதான் சரி. கன்னை மூடியோடு தொங்கவிட ஒரு தாங்கி, மேலே ஒரு கூரை, கிழமைக்கு ஒரு தடவை துடைக்க ஓர் ஆள். அவ்வளவு செய்திருந்தால் வந்திராது. தொங்கவிடாமல் நிலத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கேபிள் பாரம்தான், எனக்கும் தோள் வலிக்கும். ஆனாலும் தூக்கி மாட்டிவிட்டுப் போங்கள்.

ஜூன் 1

"இவ்வளவு தொல்லைக்கு ஒரு பெற்றோல் கார் எடுத்தால் என்ன?" என்று ஓர் ஐயா.

ஐயா, 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை நீங்களும் கண்டிருப்பீர்கள். எங்கள் மாடியில் பதினாறு வீடு. ஜூன் மாதம் ஓடக்கூடியதாக இருந்தது என் லீஃப் ஒன்றுதான். மற்றக் கார்கள் எல்லாம் பெற்றோல் செட் வரிசையில் இரவு பகலாக நின்றன. அந்த மாதம் மூன்று தடவை பக்கத்து வீட்டு அம்மாவை டயலிசிஸுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதும் உண்மை. அப்போது கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். எது வந்தாலும் ஏதோ ஒரு வரிசை. ஆனால் அந்த அம்மா ஒரு முறைகூடத் தவறவில்லை. அதனால் இந்தக் காரை விட எனக்கு மனமில்லை, அதனாலேயே சார்ஜர்களைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன்.

பெற்றோல் செட்டிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பம்ப் பழுதானால் உடனே ஒருவர் வந்து பலகை வைப்பார், "அடுத்ததுக்கு வாங்க" என்பார். வெளிச்சம் இருக்கும், கூரை இருக்கும், கழிவறை எப்படியோ இருக்கும். சார்ஜருக்கு அந்த ஆள் இல்லை. ஒட்டியிருக்கும் தொலைபேசி எண் வேறெங்கோ உள்ள ஒருவருக்குப் போகிறது, அவருக்கு இந்தக் கேற் எங்கே என்றே தெரியாது. கொழும்பில் எனக்கு மிக நம்பிக்கையான தகவல் தருகிறவர்கள் செக்யூரிட்டி ஐயாமார்தான். "வெட நே, நோனா" (வேலை செய்யாது, அம்மா) என்று அவர் தூரத்திலிருந்தே கை காட்டினால் நான் காரை நிறுத்துவதே இல்லை. சார்ஜர் வைக்கிற நிறுவனம் அந்த ஐயாவுக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து, காலையும் மாலையும் ஒரு தடவை பார்த்துச் செய்தி அனுப்பச் சொன்னால் செயலியின் பாதிப் பொய் தீர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 18

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலுக்குப் போய்வந்தோம், அத்தானின் அற்றோ 3இல். என் லீஃபில் போனால் நாலு இடத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பெரிய மின்விசிறி கூடக் கிடையாது, பற்றரி தானாகத்தான் ஆறவேண்டும். இரண்டாவது வேகச் சார்ஜுக்குள் சூடேறி, மூன்றாவதில் பாதி வேகத்துக்கு வந்துவிடும். ஆகஸ்ட் வவுனியா வெயிலில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அத்தானின் பற்றரி 60 கிலோவாட் மணி. இரவு பத்தரைக்குப் பிறகு மலிவு நேரத்தில் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு விடிய நாலு மணிக்குக் கிளம்பினோம். அநுராதபுரத்தில் 36 வீதம். முதல்நாளே அவர் அங்கே தொலைபேசி எடுத்துக் கேட்டு வைத்திருந்தார். வேலை செய்தது. பெட்டியில் 60 கிலோவாட் என்று இருந்தது, தொடக்கத்தில் 57 காட்டியது. பத்து நிமிடத்தில் இன்னொரு கார் வந்து மறு கன்னைச் செருகியது, எங்களுடையது 29க்கு விழுந்தது. மார்ச்சில் அந்த அண்ணன் சொன்னதன் மறுபக்கம் இது. ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் வலுவைப் பங்குபோடும். அரை மணித்தியாலம் என்று நினைத்தது முக்கால் மணித்தியாலமானது. வந்தவர்கள் மட்டக்களப்புக் குடும்பம், கைக்குழந்தை. அக்கா அவர்களுக்கு இடியப்பம் கொடுத்தா. பிறகு 80 வீதத்தில் நாங்கள் கழற்றிவிட்டோம், அதற்கு மேல் எந்தக் காரும் மெதுவாகத்தான் வாங்கும், காத்திருக்கிறவருக்கு அந்த நேரம் பெரிது.

யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் வராந்தாப் பொயின்டில் செருகிவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அங்கே இருந்த நாலு நாளும் ஒருவரும் சார்ஜரைப் பற்றி நினைக்கவில்லை.

அநுராதபுரத்தில் அதே பெட்டியில் சாடேமோ கன் ஒன்றும் தொங்கியது. நான் கையில் எடுத்துப் பார்த்தேன். கொக்கி உடைந்து, நூலால் கட்டியிருந்தது.

செப்டெம்பர் 7

தம்பியின் செய்தி. முதலாளி ஒத்துக்கொண்டிருக்கிறார். தரிப்பிடத்துச் சுவரில் தனி வயரோடு ஒரு பொயின்ட், சின்ன மீற்றர். அதே லீஃப் இன்னும் விற்கப்படாமல் இருந்ததாம், விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வேகச் சார்ஜர் எது நம்பலாம் என்று ஒரு பட்டியல் கேட்கிறார்.

தருகிறேன், ஆனால் நாலு இடம்தான். நாலிலும் இரவில் ஆள் நிற்பார், கேற் பூட்டமாட்டார்கள், சாடேமோ கொக்கி நல்லதாக இருக்கிறது. போன கிழமை நாலுக்கும் போய்ச் செருகிப் பார்த்தேன், மூன்று உடனே பிடித்தது, நாலாவதில் சிவப்புப் பொத்தான். திருகிவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 9

ஒன்று விட்டுவிட்டேன். பற்றரி ஒன்பது கட்டம் என்றால் முழுச் சார்ஜில் 80 கிலோமீற்றர் மட்டும் நம்புங்கள். 20 வீதத்துக்குக் கீழே விட்டு வேகச் சார்ஜரைத் தேடாதீர்கள். முதலாவது இடம் கைவிட்டால் இரண்டாவதுக்குப் போக மிச்சம் வேண்டும்.

டைப் 1 கேபிள் என்னிடம் இரண்டு இருக்கிறது. பழையதை எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து மீற்றர், முனையைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு முன் வந்தால் நான் வீட்டில்தான்.